ஒரே அறை வீட்டில் ஆறு மாத டிபி மாத்திரை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லி ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருமல் என்றால் முதலில் தெருமுனை கிளினிக்தான். வேலை முடிந்து வரும் நேரத்தில் அதுதான் திறந்திருக்கும். சிரப், ஒரு ஆன்டிபயாடிக், அப்புறம் இன்னொரு ஆன்டிபயாடிக். சாயங்காலம் உடம்பு காய்கிறது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று சொல்லியும் சளி டெஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. அலைந்தது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதும் டப்பா கொடுத்தார்கள். எச்சில் வேண்டாம், காலையில் வாய் கொப்பளித்துவிட்டு ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும் என்றார் நர்ஸ் அக்கா. மெஷினில் போடும் அந்த டெஸ்ட், கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடுகிறது. என்னுடையது கட்டுப்படும் வகை. அதன்பிறகு சுகர், எச்ஐவி டெஸ்ட், உயரம், எடை, ஆக்சிஜன். எதையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா என்றுகூடப் பார்த்தார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, மோசமாக இருப்பவர்களை முதலிலேயே கண்டுபிடித்து வார்டில் சேர்க்கத்தான் இதெல்லாம். எனக்கு வீட்டிலேயே மாத்திரை போதும் என்றார்கள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே அறை, நான்கு பேர், பத்து வயதுப் பெண். “தாம்பரம் சானடோரியத்துல சேத்துடலாம்பா” என்று, டிபி நோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பிடிவாதம். இதற்கான பதில் நம் ஊரிலேயே கிடைத்தது என்று டாக்டர் சொன்னார். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்த நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் மீதிப் பேரை சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வந்த அந்த முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. அம்மா பாதிதான் நம்பினார். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு, திறந்த ஜன்னலுக்குக் கீழே படுத்தேன். தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை, இது காற்றில் பரவுவது என்று நர்ஸ் அக்கா சொன்னபிறகும் என் தட்டு தனியாகத்தான் இருந்தது.

மாத்திரைகளின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். குமட்டல் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் கஷ்டம் அதில் இல்லை, மூன்றாவது மாதத்தில்தான். காய்ச்சல் போய்விட்டது, பசிக்கிறது, வேலைக்கும் போயாகிவிட்டது. நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை போடுவது? சுகாதாரப் பணியாளர் அக்கா அப்போதுதான் அதிகமாக போன் செய்தார். “தம்பி, போட்டியா?” எரிச்சலாக இருக்கும். அந்த போன் இல்லாவிட்டால் விட்டிருப்பேன்.

சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500. கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கும் பாலுக்கும் ஆகும்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதத்துக்குத் தடுப்பு மாத்திரை. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கி முடித்தாள். எனக்குக் கோர்ஸ் முடிந்துவிட்டது. இனி இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.