ஆம்ப்ல ஹம் அடிச்சா உடனே ட்ரான்ஸ்ஃபார்மர மாத்தாதீங்க

ராமநாதபுரம் கடலோரத்துல, உச்சிப்புளில இருந்து மண்டபம் வரைக்கும் எங்க பக்கம் யார் வீட்ல பாட்டு செட்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உர்ருன்னு உறும (அதான் ஹம்) ஆரம்பிச்சாலும் ஒரே தீர்ப்புதான், "ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு", அதாவது வீட்டுக் கரண்ட்ட ஆம்புக்கு ஏத்த வோல்டேஜுக்கு மாத்தித் தர்ற, காயில் சுத்துன இரும்புக் கட்டி. எங்க சித்தப்பா ஒரு கடைல கொண்டுபோய்க் குடுத்தாரு, மூடியக் கழட்டுனாங்களோ இல்லையோ புது ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாச்சுன்னு பில்லு மட்டும் வந்துருச்சு, வீட்ல வந்து பிளக்க சொருகுனா அதே உர்ர்ர். அதுலயும் உள்ள இருந்த செம்புக் காயில் ட்ரான்ஸ்ஃபார்மர எடுத்துட்டு அலுமினியக் காயில் போட்டுவிட்டுருக்காங்க, பழசையும் திருப்பித் தரல. கேட்டா "அதெல்லாம் எரிஞ்சு போச்சுண்ணே"ங்குறாங்க. எரிஞ்ச ட்ரான்ஸ்ஃபார்மர் எப்படிய்யா அதுவரைக்கும் பாடிக்கிட்டு இருந்துச்சு?

சொந்தக்காரங்க செட்டு நாலஞ்சு எப்பவும் என் மேஜைல கெடக்கும், அத வச்சுச் சொல்றேன், நம்ம கடலோரத்துல ட்ரான்ஸ்ஃபார்மர் மேல தப்பு இருக்குறது ரொம்பக் கம்மி. முக்காவாசி வீட்டுக் கரண்ட்டும் எர்த்தும்தான் வில்லன்.

மொதல்ல சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ஆம்ப ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் வயர மொத்தமா உருவிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. அப்பவும் பெட்டிக்குள்ள இருந்து உம்ம்னு கேட்டா அது இரும்பு அதிர்ற சத்தம். பெட்டி அமைதியாகி, ஸ்பீக்கர மாட்டுனாத்தான் வருதுன்னா அது சிக்னல்ல கலந்து வர்ற சத்தம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, இத பிரிச்சுப் பாக்காம சால்டரிங் அயர்ன கைல எடுக்காதீங்க.

பெட்டிச் சத்தத்துக்கு வருவோம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சைக்கிள், ஆனா ட்ரான்ஸ்ஃபார்மர் இரும்பு ஒரு சைக்கிள்ல ரெண்டு தடவ நுணுக்கமா நீண்டு சுருங்கும், ஏன்னா காந்தம் எந்தப் பக்கம் திரும்புனாலும் இரும்புக்கு ஒண்ணுதான். அதனால காதுல கேக்குறது 100 ஹெர்ட்ஸ். போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஆப் ஏதாவது போட்டு பெட்டி பக்கத்துல வச்சா 100ல முள்ளு மாதிரி நிக்கும். கொஞ்சூண்டு எல்லா ட்ரான்ஸ்ஃபார்மரும் முனகத்தான் செய்யும், காத வச்சாத்தான் கேக்குதுன்னா விட்ருங்க. ரூமுக்கு அந்தப் பக்கம் உக்காந்தாலும் கேக்குதுன்னா உள்ளங்கைய மேல் தகரத்துல அழுத்திப் பாருங்க, சத்தம் கொறஞ்சா தகரம்தான் கூடச் சேந்து அதிருது, ட்ரான்ஸ்ஃபார்மர் அடில சைக்கிள் ட்யூப வெட்டி வச்சு போல்ட்ட அளவா முறுக்குனா போதும். வட்டமா வடை கணக்கா இருக்குற டொராய்டல் டைப்பா இருந்தா மட்டும் கவனம், நடு போல்ட்டோட மேல்முனை மூடித் தகரத்துல தொடவே கூடாது, தொட்டா போல்ட்டும் பாடியும் சேந்து ஒரு சுத்து ஷார்ட் ஆயிரும், கரண்ட்ட இழுத்து ஃபியூஸத் தின்னுரும்.

அடுத்தது வோல்டேஜ். ட்ரான்ஸ்ஃபார்மர் 220க்கு சுத்துனதா இருந்து வீட்ல 250 வந்தா இரும்பு தாங்காது, நெறஞ்சு வழிஞ்சு கத்த ஆரம்பிக்கும். நம்ம பக்கம் ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடுற நேரத்துல லைன் இறங்கிக் கெடக்கும், ராத்திரி ஊரே அடங்குன பெறகு மேல ஏறிரும், அதான் பகல்ல சும்மா இருந்த செட்டு பத்து மணிக்கு மேல உறுமுது. மல்டிமீட்டர பிளக் பாயிண்ட்ல வச்சு ரெண்டு நேரத்துலயும் பாத்துக்கங்க. துபாய், சவூதின்னு போன ஆளுங்க கொண்டு வந்த செட்டு வீட்டுக்கு வீடு இருக்குல்ல, அதுல பல மாடல்ல பின்னாடி 110, 220, 240ன்னு ஒரு சின்ன செலக்டர் இருக்கும், பிளக்க உருவிட்டு அத 240க்குத் தள்ளுனாலே பாதி சத்தம் போயிரும். அமெரிக்கால இருந்து வந்த 120 வோல்ட் செட்டுன்னா வோல்டேஜ எறக்குற ஸ்டெப் டவுன் போட்டாலும் தீராது, அது 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து சுத்துனது, 50ல ஓட்டுனா இரும்புல காந்தம் 20 சதவீதம் கூடும், உறுமுறதோட சூடும் ஏறும்.

வேதாளைல என் மச்சான் வீட்ல நடந்தது இன்னும் வேடிக்கை. டொராய்டல் போட்ட நல்ல ஆம்ப், வோல்டேஜ் சரியா 232, ஆனா திடீர் திடீர்னு உறுமும், அஞ்சு நிமிஷத்துல தானா அடங்கிரும். "பேய் கீய் புடிச்சிருக்கா மாப்ள"ன்னு கேட்டான். சாயங்காலம் உக்காந்து பாத்தப்ப உள்ரூம்ல தங்கச்சி தலைக்குக் குளிச்சிட்டு வந்து ஹேர் ட்ரையரப் போட்டுச்சு, ஆம்ப் உம்ம்ம்னுச்சு, ஆஃப் பண்ணுச்சு, நின்னுருச்சு. பல ட்ரையர்ல லோ ஸ்பீடுக்கு உள்ள ஒரு டயோடு (கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடுற சாமான்) மட்டும் போட்டு அலைல பாதிய வெட்டி விடுவாங்க, அதனால அந்த வீட்டு லைன்ல கொஞ்சம் டிசி (ஒரே பக்கமா ஓடுற கரண்ட்) கலந்துரும், டொராய்டல்ல கோர்ல, அதாவது நடு இரும்புல, இடைவெளியே கெடையாது, துளி டிசி வந்தாலும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கத்தும். இதுக்கு ரெண்டு பெரிய கன்டென்சர் முதுகுக்கு முதுகா வச்சு குறுக்க ஒரு பிரிட்ஜ் டயோடு போட்டு டிசி பிளாக்கர்னு ஒண்ணு செய்யலாம், ஆனா அது மெயின்ஸ்ல உக்கார்ற சாமான், பழக்கம் இல்லாதவங்க தொட வேணாம். மச்சான்கிட்ட ட்ரையர ஹைல போடச் சொன்னேன். செலவே இல்ல.

இப்ப ஸ்பீக்கர்ல வர்ற சத்தம். வால்யூமப் பூஜ்யத்துக்கு இறக்குங்க. அப்பவும் அதே அளவு உறுமுனா பவர் சப்ளை பக்கம், பெரும்பாலும் ஃபில்டர் கன்டென்சர் (கரண்ட்ட சேத்து வச்சு ஏத்த எறக்கத்த சமப்படுத்துற டப்பா) காஞ்சு போயிருக்கும். 4440ங்குற ஆம்ப் ஐசி போர்டு போட்ட நம்மூரு அசெம்பிள் செட்டுல 4700 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒண்ணு இருக்கும், செட்டு ஒரு ஆம்பியர் இழுக்கும்போதே அது ரெண்டு வோல்ட் அளவு ரிப்பிள (சப்ளைல வர்ற ஏத்த எறக்கத்த) விடும், காஞ்சு ஆயிரத்துக்கு எறங்கிருச்சுன்னா கணக்குப்படி பத்து வோல்ட், அப்புறம் பாட்டு எங்க கேக்கும். தலை உப்பி இருந்தாலோ அடில பிசினு மாதிரி கசிஞ்சிருந்தாலோ மாத்திருங்க. தொடுறதுக்கு முன்னாடி ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணுங்க, ஸ்க்ரூட்ரைவர் வச்சு டப்புன்னு ஷார்ட் பண்ற வித்தையெல்லாம் வேணாம்.

வால்யூம ஏத்த ஏத்த ஹம்மும் ஏறுதுன்னா அது முன்னாடியே உள்ள வருது. இன்புட் வயர் எல்லாத்தையும் உருவுங்க, போயிருச்சா? ஒவ்வொண்ணா மாட்டுங்க. எங்க பக்கம் மொத குற்றவாளி டிஷ் பெட்டிதான், மாடில இருந்து வர்ற கேபிள் ஒரு பக்கம் எர்த்த தொட்டுக்கிட்டு இருக்கும், ஆம்ப் பிளக் இன்னொரு பக்கம் தொடும், ரெண்டுக்கும் நடுவுல சிக்னல் வயரோட ஷீல்டு (மேல சுத்தி இருக்குற கம்பி வலை) வழியா 50 ஹெர்ட்ஸ் உலாத்தும். லேப்டாப்பா இருந்தா சார்ஜர உருவிப் பாருங்க, டக்குனு நின்னா சார்ஜர்தான். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுனாலே பல வீட்ல சரியாயிரும். இதுக்கு எர்த் பின்ன ஒடைச்சு விடுற வைத்தியம் ஒண்ணு ஊருக்குள்ள சுத்துது, தயவு செஞ்சு பண்ணாதீங்க, ஹம் நிக்கும், ஒரு நாள் ஆம்ப் பாடில கரண்ட் எறங்குனா தொட்ட ஆளும் நிப்பாரு.

இன்னொரு டெஸ்ட்டு, ஆம்ப் பாடிய விரல் நுனியால தொட்டா ஹம் கொறையுதுன்னா எர்த் சரியில்ல. லேசா ஜிவ்வுன்னு இழுக்குதுன்னா தொடாதீங்க, அதுவும் அதேதான். ஃபேஸுக்கும் (கரண்ட் வர்ற வயர்) எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சா டிஜிட்டல் மீட்டர் சில நேரம் செத்த எர்த்தையும் 220ன்னு காட்டி ஏமாத்தும், எலக்ட்ரீசியன்கிட்ட சொன்னா லோடு போட்டு செக் பண்ணுவாரு. சித்தப்பா வீட்ல அப்படித்தான் மாட்டுச்சு. மண்ணத் தோண்டுனா எர்த்துக்குப் பொதச்ச ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்பு கையால கிள்ளுனா உதிருது, கிளாம்ப் இருந்த எடத்துல செவப்பா ஒரு பொடி, செம்பு வயர் முனைல பச்சைக் களிம்பு, வயர் பைப்ப தொடவே இல்ல, மண்ணுலதான் கெடந்துச்சு. நம்ம மண்ணு உப்பு மண்ணு, ஈரம் இருக்கும், கரண்ட் எறங்குறதுக்கு அத விட நல்ல மண்ணு கெடையாது, ஆனா அதே உப்புதான் பைப்பையும் கிளாம்பையும் தின்னுருது. செம்பு பூசுன ராடு எறக்கி, ஜாயிண்ட்ட வெளிய தெரியுற மாதிரி சின்னத் தொட்டி கட்டி, கிரீஸ் பூசி விட்டோம். ஸ்பீக்கர் ஹம் அன்னைக்கே போச்சு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஆர்சிஏ பின் (ஆம்ப் பின்னாடி சொருகுற ஆடியோ பின்), வால்யூம் கண்ட்ரோல் எல்லாம் உப்புப் பூத்துரும், அது ஹம் இல்ல கரகரப்பு, ஆனா பின் வெளிவட்டம் தொடாம நின்னா ஹம்மாவும் வரும், ஸ்பிரே அடிச்சுத் துடைச்சா சரி.

ஃபேன் ரெகுலேட்டர மறந்துட்டேன். தொடர்ச்சியா திருகுற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு ஸ்பீடுல இருக்கும்போது அலைய வெட்டி வெட்டி விடும், ஸ்பீக்கர்ல ஹம்முக்குப் பதிலா கொசு மாதிரி சர்ர்ருன்னு வரும். ஃபேன ஃபுல்லுல வச்சுப் பாருங்க, நின்னா அதான். ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துற கெப்பாசிட்டர் டைப் ரெகுலேட்டர மாத்திருங்க.

அப்புறம் இன்வெர்ட்டர். கரண்ட் போன நேரம் மட்டும் ஆம்ப் பெட்டி கத்துதுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அலைய வளைவா விடாம சதுரமா வெட்டி விடுறது, அதுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் டாக்டர் யாரும் வேணாம். வாங்கும்போதே சைன் வேவ்னு கேட்டு வாங்குங்க, பழசுதான் இருக்குன்னா அந்த நேரத்துல ஆம்ப நிறுத்திட்டு போன்ல எஃப்எம் போட்டுக்கங்க, நம்ம கரைல இலங்கை ஸ்டேஷன் எடுக்குமே.