கிரவல் கொட்டத் தொடங்கியதும் நாங்கள் செய்தவை

வவுனியா நகரம் வளர வளர, எங்கள் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கும் விலை ஏறிவிட்டது. வயலாக விற்றால் ஒரு விலை, வீட்டுத் துண்டாக விற்றால் அதைவிடப் பல மடங்கு. மகளின் கல்யாணத்துக்காகத் தன் வயலை விற்ற அண்ணையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவர் வீடு கட்ட வயலை நிரப்பவென்று டிப்பரில் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியதும் எங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கீழ்வயல்களுக்குப் போகும் வாய்க்கால் அந்தக் காணிக்குள்ளால்தான் ஓடுகிறது.

முதலில் பிரதேச சபைக்குப் போனோம். கட்டட அனுமதிதான் தங்கள் வேலை, வயல் நிரப்புவதென்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள் என்றார்கள். அது சரிதான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தித் திணைக்களத் தலைவரான ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. சொந்த உறுதிக் காணியாக இருந்தாலும் இதுதான் சட்டம். மீறினால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் சிறுகுளங்களும் அதே திணைக்களத்தின் பொறுப்பு என்பதால் வாய்க்கால் முறைப்பாட்டையும் அங்கேயே கொடுத்தோம்.

தனியாளாகப் போனால் இதை எல்லைச் சண்டையாகத்தான் பார்ப்பார்கள். அதனால் கமக்கார அமைப்பைக் கூட்டி, தீர்மானம் எழுதி, கீழ்வயற்காரர் எல்லாரும் கையெழுத்து வைத்தோம். படங்களையும் சேர்த்தோம். அந்தத் துண்டு நெற்காணிப் பதிவேட்டில் வயலாகவே இருந்தது. எங்களுக்குப் பெரிய பலம் அதுதான்.

கமநல சேவை நிலைய உத்தியோகத்தர் பார்க்க வந்த அன்று வாங்கியவரும் வந்திருந்தார்.

"ஐயா, தண்ணி போகக் குழாய் வைச்சுத்தானே நிரப்புறன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, குழாய் இருந்தது. எங்கள் அமைப்பின் தலைவர் மறுத்துப் பேசாமல் குளத்தின் துருசை, அதாவது மதகைத் திறக்கச் சொன்னார். குழாயின் வாய் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. தண்ணீர் அதில் முட்டித் தேங்கி, வரம்பு தாண்டி மேல்வயலுக்குள் பரவியது. குழாயின் மறுமுனையில் மண் நனையவேயில்லை. மார்கழி மழைக்கு மேலே வெள்ளம், கோடைச் சிறுபோகத்தில் கீழே வறட்சி என்று நாங்கள் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலையை நிறுத்தும்படி உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் பேசித் தீர்த்தோம். அவருக்கும் வீடு வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் நாளைக்கு வீடு வேண்டும்தான், அதை மேட்டுக்காணியில் கட்டட்டும் என்பதே என் நிலைப்பாடு. குளத்துக்குக் கீழே உள்ள வயலை ஒருமுறை மூடினால் இன்னொரு வயலை எங்கே போய் உண்டாக்குவது? வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டுத் துண்டை வாங்க ஊரே அவருக்கு உதவியது. வயலை எங்களில் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். மாரிக் காலபோகத்துக்கு முன்னரே குழாயைக் கிளப்பி வாய்க்காலைத் துப்புரவாக்கினோம்.

வீதியோரம் கொட்டிய கிரவல் இன்னும் அள்ளப்படவில்லை. அதற்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரில் இப்படி நடந்தால் முதல் டிப்பர் வந்த அன்றே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.