260 மீட்டருக்கு 20 பவுண்டு: லண்டனில் ஒரு வரைபடப் பயணம்

முதலில் அந்த சைக்கிள் ரிக்‌ஷாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத ஓடாது.

லெஸ்டர் சதுக்கம் பக்கம் இரவானால் கலர் விளக்கும் காதைக் கிழிக்கும் பாட்டுமாகச் சில மூன்று சக்கர வண்டிகள் சுற்றும். மாமாவுக்கு முழங்கால் வலி. சுரங்க ரயில் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "கோவென்ட் கார்டன் அடுத்த ஸ்டேஷன்தான், ஆனா தள்ளி இருக்கும் போலிருக்கேடா, ஏறிடலாம்" என்றார். வேண்டாம் மாமா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஏறும்போது ஓட்டுநர் காட்டியது ஐந்து விரல். இறங்கும்போது அது நிமிடத்துக்கு ஐந்து பவுண்டு ஆகிவிட்டது. கேட்டது 30. நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டு 20க்கு இறக்கினோம். நம் காசுக்கு 2,000 ரூபாய்க்கு மேல். இந்த வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024இல் தனியாக ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றால் கொள்ளை எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தைப் பவுண்டில், மொத்தமாக, ஆளுக்கா வண்டிக்கா என்று கேட்காமல் யாரும் ஏறாதீர்கள். ஏறாமலே இருந்தால் இன்னும் நல்லது.

அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 260 மீட்டர். லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இதைவிடக் குறைந்த தூரம் கிடையாது. ரயில் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். ஆனால் கோவென்ட் கார்டனில் லிஃப்ட்டுக்குக் கூட்டம் நிற்கும், படியில் ஏறினால் 193 படி. நடப்பதுதான் எல்லாவற்றையும்விட வேகம்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். குற்றவாளி அந்த வரைபடம். 1933இல் ஹாரி பெக் என்ற வரைவாளர் போட்ட பாணி அது. படுக்கை, செங்குத்து, 45 டிகிரி சாய்வு என்று மூன்றே விதக் கோடுகள். உண்மையான தூரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. நெரிசலான நகர மையத்தைப் பெரிதாக்கி, புறநகரைச் சுருக்கிவிட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா மறுநாள் காலையில் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ரயில் மேப் இல்லடா, சர்க்யூட் டயக்ராம்" என்றார். எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்று கேட்டால் அற்புதமாகப் பதில் சொல்லும். நடக்கலாமா என்று கேட்டால் பொய் சொல்லும். இதற்காகவே லண்டன் போக்குவரத்துத் துறை 2015இல் நிலையங்களுக்கு நடுவே எத்தனை நிமிட நடை என்று குறித்து வேறொரு வரைபடம் வெளியிட்டது. இணையத்தில் இலவசம். அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் பாதி ரயில் பயணம் மிச்சமாகும்.

திட்டம், செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அது நடக்காது என்று இப்போதே தெரிகிறது. எங்கள் பயணத்தின் நோக்கம் இதுதான்: ராட்சத ராட்டினம், மெழுகுச் சிலை, கோபுரம் என்று டிக்கெட்டுக்குக் கொட்டாமல், இந்த நகரம் தன்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் கணக்குகளையும் வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவது. செலவு பஸ் கட்டணம் மட்டும். நாங்கள் போனபோது 1.75 பவுண்டு, முதல் பஸ்ஸில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், 2014இலேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் வங்கி அட்டையைத் தொட்டால் அந்நியச் செலாவணிக்கு வங்கி தனியாகப் பிடிக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்ற விவரத்தைப் போக்குவரத்துத் துறை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டிருக்கிறது. அதனால் செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. 'இன்னும் 4 நிமிடம்' என்றால் பெரும்பாலும் 4 நிமிடம்தான். மாமாவுக்கு இதில் வந்த சந்தோஷம் எந்த அரண்மனையிலும் வரவில்லை.

சரி, நகர மையத்தில் இருக்கும் சோஹோ பகுதிக்கு வருகிறேன். பிராட்விக் தெரு. 1854இல் அதன் பெயர் பிராட் தெரு. ஒரு முக்கில் கறுப்பாக ஒரு அடிபம்பு நிற்கிறது, கைப்பிடி கிடையாது. பழைய பம்பின் நகல்தான். அதைப் பார்க்க எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் இந்தத் தெருக்களில் காலரா பரவி, மொத்தம் 616 பேர் செத்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டார். இறப்புகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தில் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்தார். பிறகு வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறப்புக்கு ஒரு கறுப்புக் கோடு என்று அடுக்கினார். கோடுகள் பம்பைச் சுற்றி மொய்க்கின்றன.

ஆனால் எனக்குப் பிடித்தது கோடு இல்லாத இடங்கள். பக்கத்துத் தெருவில் 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதி, அங்கே இறந்தது 5 பேர் மட்டும். அவர்களுக்குச் சொந்தக் கிணறு. அதே பிராட் தெருவில் ஒரு பீர் ஆலை, 70 பேர் வேலை பார்த்தார்கள், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர், பம்புத் தண்ணீர் இல்லை. இதற்கு நேர்மாறாக, தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவை இறந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர், அந்தத் தண்ணீர் ருசி பிடித்துப்போய் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர்.

"அப்போ மேப்பைப் பார்த்துத்தான் கைப்பிடியைக் கழட்டினாங்களா?" என்று மாமா கேட்டார். எல்லாரும் அப்படித்தான் கதை சொல்கிறார்கள். கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8. இந்த வரைபடம் அதற்குப் பிறகு வந்தது. ஸ்னோ அதிகாரிகளிடம் கொண்டுபோனது விசாரித்த கணக்கை. ஊரே பயந்து காலி செய்துவிட்டதால் அதற்குள் நோயும் குறைந்துகொண்டிருந்தது. வரைபடம் வேண்டியிருந்தது நம்பாதவர்களை நம்ப வைக்க. பக்கத்திலேயே ஸ்னோ பெயரில் ஒரு மதுக்கடை இருக்கிறது. மனுஷர் வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர்!

அடுத்தது சார்லஸ் பூத். லிவர்பூல் பணக்காரக் கப்பல் முதலாளி. 1880களில் சொந்தச் செலவில் ஆள் வைத்து லண்டனின் வறுமையைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்தார். ஏழு நிறங்கள். வசதியானவர்களுக்கு மஞ்சள், பரம ஏழைகளுக்குக் கருநீலம், அதற்கும் கீழே கறுப்பு. கறுப்புக்குக் கொடுத்த விளக்கம் 'கீழ்த்தட்டு, தீயொழுக்கம், பாதிக் குற்றவாளிகள்'. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சம்பளத்தை எண்ணலாம், ஒரே அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணலாம். ஒழுக்கத்தை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? பின்னால் திருத்திய பதிப்புக்கு அவருடைய ஆட்கள் போலீஸ்காரர்களோடு நடந்து குறிப்பெடுத்தார்கள். அந்தக் கண்ணும் நிறத்தில் கலந்திருக்கிறது. இருந்தாலும் வேலை பிரமாண்டம். எல்எஸ்இ என்ற லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் நூலகம் வரைபடத்தையும் குறிப்பேடுகளையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. போனில் திறந்து வைத்துக்கொண்டே நடக்கலாம்.

நாங்கள் நடந்தது ஷோர்டிட்ச் பக்கம். வரைபடத்தில் கறுப்பாகக் கிடக்கும் 'ஓல்ட் நிக்கல்' சேரியை இடித்துவிட்டு 1900இல் பவுண்டரி எஸ்டேட் என்ற குடியிருப்பைத் திறந்தார்கள். நடுவில் வட்டமாக ஒரு மேடு, மேலே இசைக்குழு மண்டபம். அந்த மேடு இடித்த வீடுகளின் இடிபாட்டிலேயே எழுப்பியது. இன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காப்பி நாலு பவுண்டுக்கு மேல், அதுவும் ஆறிப்போய் வந்தது. பூத் வந்தால் பெயின்ட் டப்பாவை மாற்ற வேண்டியிருக்கும்.

கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதைப் பார்த்து மாமா மிரண்டார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2016 கடைசியில் நான்கு வாரம், பயணிகளின் போன்கள் வைஃபையைத் தேடும் சமிக்ஞையை வைத்து, ஆளை அடையாளம் காணாமல், போக்குவரத்துத் துறை ஒரு சோதனை செய்தது. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போக மக்கள் 18 வழிகளில் போயிருக்கிறார்கள். அட்டையைத் தொடும் கணக்கில் உள்ளே வந்ததும் வெளியே போனதும்தான் தெரியும். நடுவில் நடக்கும் கூத்து இப்படித்தான் வெளியே வந்தது. சுவரில் அறிவிப்பு வைத்துச் செய்தார்களாம். அறிவிப்பை யார் நின்று படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, வயிறு. மக்கள்தொகைக் கணக்கில் உங்கள் முதன்மை மொழி எது என்றும் கேட்கிறார்கள், அதையும் வரைபடமாகப் பார்க்கலாம். தமிழ் எங்கே அடர்த்தி என்று தேடினால் கிழக்கே ஈஸ்ட் ஹாம் வரும். டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயிலைப் பிடித்து அங்கே இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் பலகையெல்லாம் தமிழ். உணவகங்களுக்கு இங்கே 0 முதல் 5 வரை சுத்தத்துக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் அதை வாசலில் ஒட்டியே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. 5 வாங்கியவர் கண்ணாடியில் ஒட்டுவார், 1 வாங்கியவர் ஏன் ஒட்டப் போகிறார்? உணவுத் தர முகமையின் தளத்தில் கடைப் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். நாங்கள் ஆசையாக நின்ற முதல் கடைக்கு 1. நகர்ந்துவிட்டோம்.

அடுத்த கடை 5. ஈழத்துக்காரர் நடத்துவது. ஆட்டுக்கறிக் கொத்து ரொட்டி 8 பவுண்டு, ஒரு தட்டை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். இரும்புத் தகட்டில் அடிக்கும் சத்தம் தெரு வரை கேட்கிறது. கறி வாயில் வைத்ததும் கரைகிறது, காரம் கண்ணில் தண்ணீர் வரவழைக்கிறது, கூடவே ஒரு கிண்ணம் குழம்பு. "அண்ணை, இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ?" என்று மாமாவைக் கேட்டார் கடைக்காரர். மாமா கிண்ணத்தை நீட்டியதோடு, ராத்திரிக்கு ஒரு பார்சலும் சொல்லிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: சனி, ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில தடங்களை மூடுவார்கள். கிளம்புவதற்கு முன் போக்குவரத்துத் துறைப் பக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.