செர்மாட்டில் ஐந்து நாள், அப்பாவோடு

பெப்ரவரி 2

சுவிஸின் மலை ஊரான செர்மாட்டுக்கு விடிய பேர்ணிலிருந்து வெளிக்கிட்டு, ஃபிஸ்ப்பில் சிவப்பு ரயிலுக்கு மாறினோம். அப்பா இந்தப் பக்கம் கடைசியாக வந்து முப்பத்தைந்து வருடம். 1987இலும் அதற்கடுத்த குளிர்காலத்திலும் செர்மாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். எந்த ஹோட்டல் என்று எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. அப்போது லொட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் கிடையாது. 2007இல் திறந்த அந்த 34.6 கிலோமீற்றர் சுரங்கத்தால்தான் பேர்ணிலிருந்து இப்போது இரண்டேகால் மணித்தியாலத்தில் வந்துவிட முடிகிறது.

காரில் வருபவர்கள் டேஷ் என்ற ஊரோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேலே பெற்றோல் வண்டி போகாது. அங்கிருந்து ரயிலில் 12 நிமிடம். செர்மாட்டுக்குள் பெட்டி மாதிரிச் சின்னச் சின்ன மின்சார வண்டிகள் மட்டும்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் மகன், "அம்மா, ஏன் இவ்வளவு அமைதி?" என்று கேட்டான்.

தங்கும் இடத்தைப் பற்றி வாசிப்பவர்களுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சீசனில் நல்ல ஹோட்டல் அறை ஓர் இரவுக்கு 400, 500 பிராங்கை இலகுவாகத் தாண்டும். மொன் செர்வான் பலஸ், ஊர்மக்களே சேர்ந்து கட்டி 1879இல் திறந்த செர்மாட்டர்ஹோஃப், பாறைக்குள் குகைவழி நடந்து லிஃப்டில் ஏறிப் போகும் ஒம்னியா, எல்லாம் பார்க்க வடிவுதான். ஆனால் இந்த ஊரில் பகலில் அறைக்குள் யார் இருக்கப் போகிறார்கள்? நாங்கள் எடுத்தது விங்கெல்மாட்டன் பக்கம் ஒரு ஃபெரியன்வோனுங், அதாவது வாடகைக்கு எடுக்கும் விடுமுறை வீடு. இரண்டு அறை, அடுப்பு, ஸ்கீ வைக்க ஓர் இடம். தனியாக வருபவர்களுக்கு அதே பக்கத்தில் யூத் ஹொஸ்டல் இருக்கிறது. காலைச் சாப்பாடும் உண்டு, மாட்டர்ஹோர்ன் மலையும் தெரியும். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் டேஷில் தங்கலாம். அறையில் மிச்சம் பிடித்த காசை மலையேறும் ரிக்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டர்ஹோர்ன் இன்று முகம் காட்டவில்லை. கழுத்து வரைக்கும் முகில்.

பெப்ரவரி 3

சுன்னெக்காவுக்கு நிலத்துக்கு அடியால் ஏறும் ரயிலில் போனோம். 1980இல் போட்டது. இருட்டுக்குள் ஏறி, சில நிமிடத்தில் 2,288 மீற்றரில் வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் கீழே லைஸே குளத்தடியில்தான் தொடக்கக்காரருக்கான இடம். ஊரின் சின்னமான கறுப்பு மூக்குச் செம்மறி வோல்லியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓடுபட்டியில் நின்றாலே மேலே கொண்டுபோய் விடும். மகனை வகுப்பில் விட்டோம். முதல் தரம் ஸ்கீ போடுகிறவர்கள் பெரிய மலைக்கு ரிக்கட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு இந்தச் சரிவு காணும்.

ஸ்கீ செய்யாத நானும் அப்பாவும் குளிர்கால நடைபாதையால் ஃபின்டெல்னுக்கு இறங்கினோம். இளஞ்சிவப்புப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. வெயிலில் கறுத்த லார்ச் மர வீடுகள் கொஞ்சம், ஒரு வெள்ளைத் தேவாலயம், நேரே எதிரில் மலை. பேர்பெற்ற ஷே ஃப்ரோனி உணவகம் இங்கேதான். முன்பதிவு இல்லாமல் போய் நிற்க வேண்டாம். எங்களுக்கு வேறோர் இடத்தில் வெயிலோடு ஒரு மேசை கிடைத்தது. துருவிப் பொரித்த கிழங்கான றொஸ்ற்றி எடுத்தோம். அப்பா முள்ளுக்கரண்டியால் கரையை உடைத்துப் பார்த்தார். "முதல்நாள் அவிச்ச கிழங்கு. அது நல்லது. அண்டண்டைக்கு அவிச்சுத் துருவினால் களிமாதிரி ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளை." இவ்வளவு காலமும் வீட்டில் ஒரு நாளும் இதை எனக்குச் சொன்னதில்லை.

பரிமாறிய பெண்ணோடு அவர் இந்த வலிஸ் மாநிலத்து ஜேர்மனில் கதைத்தார். மாட்டர்ஹோர்னை இங்கத்தையார் "ஹோரு" என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அப்படியே சொன்னார். அவள் நின்று இன்னொரு தரம் பார்த்தாள். பேர்ணில் பிறந்த எனக்கு இருவரும் கதைத்ததில் பாதி விளங்கவில்லை.

பெப்ரவரி 4

இரவு முழுக்கக் காற்று. காலையில் திரையில் பார்த்தால் மேல்வழி எல்லாம் சிவப்பு விளக்கு. 3,883 மீற்றரில் இருக்கும் கிளேசியர் பரடைஸ் ஐரோப்பாவிலேயே உயரமான கேபிள்கார் நிலையம். 2023இல் இருந்து அங்கிருந்தே கேபிளில் தொங்கிக்கொண்டு இத்தாலிக்குப் போகலாம். அவ்வளவு உயரத்தில் காற்றடித்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே நாள் வைத்து ரிக்கட்டை முன்கூட்டியே வாங்க வேண்டாம். காலையில் கமராப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2018 ஜனவரியில் பனிச்சரிவு ஆபத்தால் பாதையும் ரயிலும் மூடி, சுமார் 13,000 பயணிகள் இந்த ஊருக்குள்ளேயே இருந்தார்கள். அதை நினைத்தால் ஒரு நாள் ஸ்கீ போனது ஒன்றுமில்லை.

மழை நாள், காற்று நாளுக்கென்றே மாட்டர்ஹோர்ன் மியூசியம் இருக்கிறது. தேவாலயத்துக்குப் பக்கத்தில், நிலத்துக்குக் கீழே. அறுந்த கயிறு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். 1865 ஜூலை 14இல் எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட ஏழு பேர் முதன்முதலில் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்துபோனார்கள். பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கயிறு என் விரலை விட மெல்லியது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அதன் முன்னால் நிற்க முடியவில்லை. வெளியே மலையேறிகளின் கல்லறைகள். இருபது வயது, இருபத்திரண்டு வயது என்று வாசித்துக்கொண்டு போனால் நடை தானாக மெதுவாகிறது.

பிறகு ஹின்டர்டோர்ஃப், பழைய ஊர். தானியக் களஞ்சியங்களைக் கால் வைத்து உயர்த்தி, ஒவ்வொரு காலுக்கும் மேலே வட்டமாக ஒரு கல்தட்டு. எலி ஏறாமல் இருக்க. பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இது இருக்க, கனபேர் மணிக்கூட்டுக் கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இரவு மொன்டே ரோசா ஹோட்டலின் கீழே விம்பர் ஷ்டூபேயில் ஃபொன்டூ, உருக்கிய சீஸில் பாண் தோய்த்துச் சாப்பிடுவது. விம்பர் தங்கிய ஹோட்டல் இது. சீஸ் முடிந்து சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்குமே, அதைச் சுரண்டி அப்பா என் மகனுக்குக் கொடுத்தார். "எங்கடை காலத்திலை சாப்பிடுறாக்கள் இதை விட்டிட்டுப் போனால் எங்களுக்கு நல்ல நாள். சூட்டோடை இருந்தால் கழண்டு வரும். ஆறினால் அரைமணித்தியாலம் தேய்க்க வேணும்."

(இறைச்சி பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு: வலிஸ் தட்டில் வரும் காய்ந்த இறைச்சி மாடு, ஆனால் அதே தட்டில் பன்றி பேக்கனும் ஹாமும் வரும். உருக்கிய சீஸான ரக்லெற் கிழங்கோடும் ஊறுகாய் வெங்காயத்தோடும்தான் வரும். கொலேரா என்று மாவுக்குள் மூடிச் சுடும் பண்டத்தில் லீக்ஸ், கிழங்கு, அப்பிள், சீஸ் இருக்கும். சிலர் பேக்கனும் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.)

பெப்ரவரி 5

வானத்தில் ஒரு துளி முகில் இல்லை.

கோர்னர்கிராட் ரயிலில் ஏறினோம். ஹால்ப்டாக்ஸ் என்ற கழிவு அட்டை இருந்தால் பாதி விலை. ஏறும்போது வலப்பக்கத்து யன்னலைப் பிடியுங்கள். 1898இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில், சுவிஸில் மின்சாரத்தால் ஓடிய முதலாவது. 33 நிமிடத்தில் 3,089 மீற்றர். ரிஃபெலால்ப் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் வெள்ளைதான்.

இரண்டு குளிர்காலம் இந்த ஊரில் இருந்த அப்பா இந்த ரயிலில் ஏறியதே இல்லை. இதை இன்றைக்குத்தான் சொன்னார். கிழமைக்கு ஒரு நாள் லீவு. அந்த நாளில் உடுப்புத் தோய்த்து, கடிதம் எழுதி, நித்திரை கொள்வாராம். ரிக்கட் காசு ஒரு தரம் கையில் இருந்தது, அது வீட்டுக்குப் போய்விட்டது.

மேலே 4,000 மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் 29 தெரியும் என்று பலகை சொல்கிறது. மகன் எண்ணத் தொடங்கி லிஸ்காமோடு விட்டுவிட்டான். எல்லோரும் மாட்டர்ஹோர்ன் பக்கம் நின்று படம் எடுக்க, அப்பா மறுபக்கம் போனார். அங்கே மொன்டே ரோசா. அதன் டுஃபூர் முனை 4,634 மீற்றர், சுவிஸில் அதுதான் உயரம், மாட்டர்ஹோர்ன் 4,478தான். கீழே கோர்னர் பனியாறு நெளிந்து கிடந்தது. கையுறையைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். "குளிருது, போடுங்கோ" என்றேன். "இரு பிள்ளை," என்றார்.

இறங்கும்போது என் கணவரும் மகனும் ரோட்டன்போடனில் இறங்கிச் சறுக்குவண்டியில் ரிஃபெல்பெர்க் வரை போனார்கள். நாங்கள் ரயிலில் போய் வெயிலில் தேத்தண்ணியோடு காத்திருந்தோம்.

பெப்ரவரி 6

விடியமுன் தேவாலயப் பாலத்துக்குப் போங்கள். காசில்லை, வரிசையில்லை, குளிர் மட்டும்தான். ஏழேமுக்கால் போல உச்சியில் மட்டும் ஒரு செம்புப் பொட்டு வைத்து, அது மெல்ல மெல்லக் கீழே வழிந்தது. இந்த நேரம் தான் ஹோட்டலின் பின்கதவால் பால் பேணிகளை உள்ளே எடுத்துக்கொண்டிருப்பேன் என்றார் அப்பா. அந்தக் கதவிலிருந்து ஹோரு தெரியாதாம், எதிர்ச்சுவர்தான் தெரியுமாம்.

மத்தியானம் ரயில். டேஷில் நின்றபோது அப்பா எழுந்து எதிர்ப்பக்க யன்னலுக்குப் போனார். வேலையாட்கள் ஏழு பேர் படுத்த வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தானாம். மகன், "எது அம்மப்பா?" என்று ஒவ்வொரு வீடாகக் காட்டிக் கேட்டான். மூன்றாவது வீட்டுக்கு அப்பா தலையாட்டினார். யன்னல் பலகைகளுக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள்.