சும்மா சுற்றும் மோட்டாரின் கணக்கு

சிங்கிள் ஃபேஸ் சப்ளையை மெஷின்களுக்கு வேண்டிய மூன்று ஃபேஸாக மாற்றும் ரோட்டரி ஃபேஸ் கன்வர்ட்டர் இருக்கும் பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இதே புகார்தான்: “ஒரு மெஷினும் ஓடலை, ஆனாலும் 20 ஆம்பியர் இழுக்குது, பில் என்ன ஆகும்?” கேட்பவர் கையில் கிளாம்ப் மீட்டர் இருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆம்பியரை மட்டும்தான் சொல்லும்.

அப்படி ஓர் இடத்தில் 10 ஹெச்.பி. ஐட்லரை, அதாவது கன்வர்ட்டருக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரை, அளந்தோம். 240 வோல்ட், 20 ஆம்பியர், பெருக்கினால் 4,800. வாட் மீட்டரை மாட்டினால் 600 வாட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. மற்றதெல்லாம் மோட்டாருக்குள் காந்தப்புலம் உண்டாக்கப் போய்த் திரும்பும் கரண்ட். யூனிட் கணக்கில் அது ஏறாது, வயரைக் கொஞ்சம் சூடாக்குவதோடு சரி. கே.வி.ஏ.வுக்கு, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கிய கணக்குக்கு, கட்டணம் வாங்கும் இணைப்பென்றால் கதை வேறு.

அதற்காக அந்த 600 வாட்டை அலட்சியமாகவும் விட முடியாது. காலையில் போட்ட சுவிட்சை 8 மணி நேரம் அணைக்காவிட்டால் ஏறத்தாழ 5 யூனிட் போய்விடும். லேத் 2 கிலோவாட் இழுத்து 2 மணி நேரம் நிஜமாகவே இரும்பைச் சீவினால்கூட 4 யூனிட்தான்.

லோடு ஏறியபின் இந்தக் கருவி அவ்வளவு மோசமில்லை. மூன்று வயரில் இரண்டு நேராக சப்ளையிலிருந்தே மெஷினுக்குப் போகின்றன. மூன்றாவதை மட்டும்தான் ஐட்லர் உண்டாக்குகிறது. எல்லா மின்சாரமும் அதன் வழியாகப் போவதில்லை. ஆகவே ‘திறன் இத்தனை சதவீதம்’ என்று யாராவது சொன்னால், எந்த லோடில் என்று கேட்பேன். “பெரிசா போட்டுட்டா கவலையில்லை” என்று வாங்கிய ஐட்லர் சின்ன மெஷினோடு ஓடும்போது அந்தச் சதவீதம் எங்கேயோ போய்விடும். கனமான மெஷினை ஸ்டார்ட் செய்யப் பெரிய ஐட்லர் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கும் ஓர் அளவு உண்டு.

பலரும் பார்க்காத இழப்பு மெஷின் பக்கம் இருக்கிறது. லோடில் வைத்து மூன்று ஃபேஸுக்கும் இடையே அளந்தால் 240, 252, 228 என்று வரும். சராசரியிலிருந்து 5 சதவீதம் விலகல். பார்க்கச் சின்ன எண். ஆனால் மோட்டாரில் கரண்டின் ஏற்றத்தாழ்வு இதைப் போல 6 முதல் 10 மடங்கு வரை போகும். அதன் ஒரு வைண்டிங் (கம்பிச் சுற்று) கை வைக்க முடியாமல் சுடும், அந்தச் சூடும் பில்லில்தான் வரும். வோல்டேஜைச் சமப்படுத்தக் கன்வர்ட்டரில் ஃபேஸ்களுக்கு நடுவே மாட்டும் ரன் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, லோடோடு திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். 240, 244, 237 வரை கொண்டுவந்தால் எனக்குத் திருப்தி. சும்மா ஓடும்போது சரியாக நின்ற வோல்டேஜ் லோடில் நிற்காது என்பதால் பொறுமை வேண்டிய வேலை. கெப்பாசிட்டர் சரியாக அமைந்தால் அந்த 20 ஆம்பியரும் நன்றாகவே இறங்கும், புகாரும் பாதி தீரும்.

ஒரே ஒரு மோட்டார் என்றால், மூன்று ஃபேஸை எலக்ட்ரானிக் முறையில் உண்டாக்கும் வி.எஃப்.டி. டிரைவைத்தான் நான் சொல்வேன். வேலை இல்லாதபோது அது எடுப்பது மிகச் சொற்பம். ஆனால் பழைய மில்லிங் மெஷினில் ஸ்பிண்டிலுக்கு ஒன்று, கூலன்ட் பம்புக்கு ஒன்று, மேஜை நகர்த்த ஒன்று என்று தனித்தனி மோட்டார்களும், அவற்றை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்சுகளான கான்டாக்டர்களும் நடுவே இருக்கும். ஓடும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் விழுந்து எழுவதை டிரைவ் தாங்காது; கன்ட்ரோல் வயரிங் முழுவதையும் பிரித்து மாற்ற வேண்டும். அங்கே கன்வர்ட்டரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசி மெஷின் நின்று கொஞ்ச நேரமானதும் ஐட்லரை அணைக்கும் டைமர் ஒன்றை மாட்டிவிடுவேன்.