நாற்பதாம் நாளுக்கு முன்

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

மகளுக்கு இன்று 31 நாள். சம்பல் இடித்துக்கொண்டே மாமி, "நாற்பதுக்கு வரும்படி ஒஸ்தா மாமிக்குச் சொல்லிவிட்டேன் மகள்" என்றார். காது குத்த நாள் பார்த்ததுபோல அவ்வளவு சாதாரணமாக. பெண்பிள்ளைகளின் பிறப்புறுப்பில் வெட்டும் சுன்னத்தைச் செய்கிறவர் ஒஸ்தா மாமி. நாப்பி மாற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. கொழும்பில், எங்கள் மாளிகாவத்தையில் ஆண்பிள்ளையின் சுன்னத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம். பெண்பிள்ளையின் சுன்னத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

என் கணவருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. அவருடைய மூன்று தங்கைகளுக்கும் அதே வீட்டில்தான் நடந்திருக்கிறது!

விடியும்வரை பேசினோம். ஷாபிஈ மத்ஹபில், அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியில், இது கடமை என்பார்கள். இலங்கை மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமாவின் 2008 ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பு) அதைத்தான் சொன்னது. குர்ஆனில் இதைப் பற்றி ஒரு வசனமும் கிடையாது. மார்க்கத்தில் இதற்கு அடிப்படை இல்லை என்று எகிப்தின் அல்அஸ்ஹர் மார்க்க நிலையத்தின் ஆய்வுப் பேரவை 2007இலேயே அறிவித்தது. மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று நம் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டுக்குள் பிளேடோடு வருகிறவரைத் தடுக்கத் தனிச்சட்டம் இல்லை. தடுக்க வேண்டியவள் நான்தான்.

ஓகஸ்ட் 16, வெள்ளி

ஒஸ்தா மாமியைப் பார்க்கத் தெமட்டகொடைக்குப் போனேன். எனக்கும் செய்தவர் அதே ஒஸ்தா மாமிதான். எழுபதைத் தாண்டிவிட்டார். பிளேன்டீ கொண்டுவந்தபோது கோப்பை சாசரில் கடகடத்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு வெட்டுவீர்கள் என்று கேட்டேன். சுட்டுவிரல் நுனியில் பெருவிரல் நகத்தை வைத்துக் காட்டினார். "அரிசிமணி அளவுதான் மகள். பஞ்சில் ஒரு சொட்டு இரத்தம் பட்டால் போதும்."

அன்பாகத்தான் சொன்னார். அவருடைய மாமியிடம் பழகிய தொழில். ஒரு பிள்ளைக்கும் தீங்கு நினைத்தவரல்ல. ஆனால் நாற்பது நாள் பிள்ளைக்கு அந்த இடமே எவ்வளவு பெரியது? சும்மா கீறினாலும் குத்தினாலும் அதுவும் பெண்ணுறுப்புச் சிதைப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தம் நிற்காமல் போகலாம், புண்ணில் கிருமி தொற்றலாம். உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. எனக்கு எவ்வளவு எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் வர வேண்டாம் மாமி" என்று மட்டும் சொன்னேன்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

நாற்பது. பாத்திஹா ஓதினோம், சோறு பகிர்ந்தோம். அரிசி, தேங்காய், வெற்றிலை, பணம் வைத்த தட்டை மாமி தெமட்டகொடைக்கு அனுப்பிவிட்டார். நான் தடுக்கவில்லை.

மூன்று நாளாக மாமி என்னோடு பேசவில்லை. காலையில் பிள்ளையைக் கையில் வாங்கி, வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துக் குளிப்பாட்டியது அவர்தான்.