155 போட்டால் 15 வந்தது

அம்மா டிவி பார்க்க மூன்று ரிமோட் வேண்டும். டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று. ஒரே பட்டனில் எல்லாம் நடக்கிற மாதிரி செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மேக்ரோ, அதாவது ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாகப் பதிக்கிற யுனிவர்சல் ரிமோட் ஒன்று வாங்கி, பழைய ரிமோட்டுகளை அதன் முன்னால் பிடித்து ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தேன். பச்சை பட்டனை அழுத்தினால் மூன்றுக்கும் பவர், ஆம்ப்பில் இன்புட், அப்புறம் 1, 5, 5. அம்மாவின் சீரியல் சேனல்.

முதல் நாள் ஓடியது. மறுநாள் டிவி ஏற்கனவே போட்டிருந்தது. பச்சையை அழுத்தியதும் அது அணைந்து, மற்ற இரண்டும் விழித்தன. பவர் பட்டன் இருப்பதைத் தலைகீழாக்கும், அவ்வளவுதான். எது எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது. ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி ஒருவழிப் பாதை. நல்லவேளையாக எங்கள் டிவியும் பெட்டியும் தூங்கும்போது எண் பட்டனைத் தொட்டாலே எழுந்துகொள்ளும். ஆம்ப்பில் இன்புட் பட்டனுக்கும் அதே குணம். பவரை மேக்ரோவிலிருந்தே தூக்கிவிட்டேன். அணைக்கும் மேக்ரோவில் மட்டும் முதலில் எழுப்பிவிட்டு, பிறகு பவர்.

அடுத்தது தாமதம். ஆம்ப் எழுந்து உள்ளே ரிலே என்ற மின்சுவிட்ச் 'டொக்' என்று விழும் வரை அதற்குக் காது கேட்காது. ஐந்து வினாடி இடைவெளி விட்டேன். நான் அழுத்தினால் சரியாக வரும், அம்மா அழுத்தினால் பாதியில் நிற்கும். ரிமோட்டின் முனையை ஃபோனின் முன்பக்க கேமராவில் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒவ்வொரு சிக்னலும் மினுக்கியது, குறையே இல்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்தேன். பட்டனை அழுத்திய கையோடு ரிமோட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

"முடியிற வரைக்கும் டிவி பக்கமே நீட்டிக்கிட்டு இரும்மா."

"கற்பூரம் காட்டுற மாதிரியா?"

நியாயமான கேள்விதான். வரிசையை மாற்றினேன். முதலில் ஆம்ப்பை எழுப்பு, அது கண் விழிப்பதற்குள் டிவி, பெட்டி வேலைகளை முடி, கடைசியில் ஆம்ப் இன்புட்டை இன்னொரு தடவை அனுப்பு. காத்திருக்கும் நேரம் பாதியானது.

மூன்றாவது சிக்கல்தான் இரண்டு ராத்திரியைத் தின்றது. 155 போட்டால் பெட்டி 15க்குப் போகும். இரண்டு 5க்கும் நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைத்தும் மசியவில்லை. ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த டிஎஸ்ஓபி 1738 என்ற அகச்சிவப்பு ரிசீவரை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் மாட்டி, வருகிற குறியீட்டைப் படித்தேன். பெட்டியின் சொந்த ரிமோட்டில் 5ஐ இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு வேறு எண்கள். பதினாறடிமானத்தில் சரியாக 800 வித்தியாசம், அதாவது ஒரே ஒரு பிட். என் ரிமோட்டில் இரண்டும் ஒன்றே. அப்போதுதான் பிடிபட்டது: பெட்டி ஆர்சி-5 என்ற ரிமோட் குறியீட்டு முறையில் பேசுகிறது. அதில் டாகிள் பிட் என்று ஒன்று, ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் 0, 1 என்று மாறும். மாறாவிட்டால் விரலை எடுக்காமல் பிடித்திருக்கிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். நான் கற்றுக்கொடுத்ததோ ஒரே ஒரு அழுத்தலின் நகல். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பிட்தான் போகும்.

இரண்டு 5 கற்றுக்கொடுத்தேன். 5 பட்டனில் ஒன்று, யாரும் தொடாத மஞ்சள் பட்டனில் அடுத்த அழுத்தலின் 5. பிட் மாறியிருக்கிறதா என்று ஆர்டுயினோவில் சரிபார்த்துக்கொண்டேன். மேக்ரோவில் 1, 5, மஞ்சள். 155 வந்து நின்றது. பழைய ரிமோட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் மேலே வைத்தாயிற்று.

போன வாரம் கேபிள்காரர் சேனல் எண்களை மாற்றிவிட்டார். சீரியல் இப்போது 228இல் வருகிறது.